தறிக்குழியும் மாடி வீடும்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் மழைநீர் புகுந்தால் முதலில் நிறைவது தறிக்குழி. குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை அழுத்துகிறார். வீட்டிலேயே தாழ்வான இடம் அது. கூடத்தில் பாயும் பெட்டியும் நனைவதற்கு முன்பே குழி தளும்பிவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் குழியின் ஈரம் பல நாள் போகாது. அந்த ஈரத்தில் பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டும், சரிகை கறுக்கும். தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கும் இழைகளான பாவோ பெரும்பாலும் நெய்பவருக்குச் சொந்தமானதல்ல. கூட்டுறவுச் சங்கமோ தனியார் முதலாளியோ கொடுத்த பட்டும் சரிகையும் அது. கெட்டுப்போனால் கூலி போவதோடு நிற்காது, கணக்கில் கடனும் ஏறும்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்திடம், வெள்ளம் எட்டாத இடத்தில் அடுக்குமாடி வீடு இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டால் மறுநாளே மூட்டை கட்டிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காஞ்சிபுரத்தில் அப்படிக் கேட்டார்கள். பதில் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

கேட்க வைத்தது வேகவதி ஆறு. நகரின் தென்பகுதியை ஒட்டி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கும் சிறிய ஆறு அது. பிரமனின் வேள்வியைக் குலைக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாள் என்றும், திருமால் குறுக்கே அணையாகப் படுத்து அவளைத் தடுத்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. திருவெஃகாவில் யதோத்தகாரிப் பெருமாள் கிடந்த கோலத்தில் இருப்பதற்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான். வெள்ளத்தைத் தெய்வமே குறுக்கே படுத்து நிறுத்த வேண்டியிருந்தது என்று நினைவு வைத்திருக்கும் ஊர், அதே ஆற்றின் கரையிலும் படுகையிலும் வீடு கட்டிக்கொண்டதற்குக் காரணம் நிலத்தின் விலை. ஆண்டில் பெரும்பகுதி சாக்கடையும் சாயக்கழிவும் மட்டுமே ஓடுகிற ஆறு, ஆற்றைப் போலவே தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் தன் பழைய அகலத்தைக் கேட்டு வரும். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் நீர் வந்தது.

கரையோரக் குடும்பங்களுக்காக நகருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. கட்டியது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம். 1970-இல் தொடங்கப்பட்ட அந்த வாரியத்துக்கு 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். ஆற்றங்கரையில் இருந்த எல்லோரும் நெசவாளர்கள் அல்லர். கூலி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டு இழைப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பது போன்ற தறியைச் சுற்றிய வேலைகளில் பிழைப்பவர்களும் உண்டு. வீடுகள் எழுந்து நின்ற பிறகும் பல குடும்பங்கள் போகத் தயங்கின. தயக்கத்தை அறியாமை என்றோ, ஆக்கிரமித்த நிலத்தை விட மனமில்லாத பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஒரு தறி வீட்டின் வரவு செலவை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

முதல் செலவு வெளிப்படையானது. அரசு வீடு என்றால் பயனாளியின் பங்குத் தொகையும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும். நகருக்குள் தனியார் அடுக்ககத்தில் வாடகைக்குப் போவதென்றால் முன்பணமும் வாடகையும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அந்த 'இல்லாவிட்டால்' என்ற இடைவெளி வழியாகத்தான் பல வீட்டுக்காரர்கள் ஆறு மாதமும் பத்து மாதமும் கேட்கிறார்கள். நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019–20) இந்தியாவில் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. காஞ்சிப் பட்டு நெசவாளரின் கூலி இந்த அளவைவிட மேல்தான். ஆனாலும் அது மாதச் சம்பளம் அல்ல. புடவை முடிந்து சங்கத்திலோ கடையிலோ ஒப்படைத்த பிறகு வரும் பணம். பத்து நாளிலும் முடியலாம். வேலைப்பாடு கூடினால் மாதமும் ஆகலாம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவறாமல் கட்ட வேண்டிய தொகை, தேதியே இல்லாத வருமானத்தோடு ஒத்துப்போவதில்லை. தொகை சிறியதாக இருந்தாலும் நிலைமை இதுதான்.

இரண்டாவது செலவு எந்த ரசீதிலும் வராது. மாடியில் குழி தோண்ட முடியாது.

சொல்லக் கேட்டால் அற்பமான தடையாகத் தோன்றும். ஆனால் தறி என்பது வீட்டில் வைத்திருக்கும் ஒரு பொருள் அல்ல. தறிக்கு ஏற்றபடிதான் அந்த வீடே எழுந்திருக்கிறது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தெருப்பக்கம் திண்ணை, உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் தறி, அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு நடை, மிச்சத்தில் சமையலும் படுக்கையும் என்று அமைந்திருக்கும். தறியின் தலைமேல், புடவையில் உருவங்களை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு உயரமும் வேண்டும், பாரத்தைத் தாங்கும் உத்தரமும் வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2015-இல் தொடங்கியபோது பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு வகுத்த வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை. அந்த அளவில் ஐந்து பேர் குடும்பமும் ஒரு தறியும் சேர்ந்து வாழ்வதற்கு வழியில்லை. தறியை வைத்தால் படுக்க இடமில்லை. படுத்தால் தறி இல்லை.

வீட்டோடு முடிவதுமில்லை, தெருவும் தறியின் பகுதிதான். மூன்று புடவைக்கான பாவு அறுபது அடிக்குக் குறையாது. அதைத் தெருவில் நீளமாக விரித்து, இழை இழையாகப் பிரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்ட வேண்டும். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை அது. அண்டை வீட்டுக்காரர்கள் கை கொடுக்கிறார்கள், அடுத்த வாரம் இவர்கள் அங்கே போய்க் கை கொடுக்கிறார்கள். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். கரைப்பக்கம் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். மனைவியோ மகனோ பக்கத்து வீட்டு மைத்துனரோ அந்த இடத்தில் உட்காருகிறார். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்கத் தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். அச்சு தேய்ந்தால், ஜக்கார்டு அட்டை கிழிந்தால், கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் உண்டு. மழையில் தறி நின்றுபோனால் அரிசிக்குக் கடன் கொடுக்கிற கடையும் அதே தெருவில்தான். முதலாளி வீட்டுக்கு நடந்துபோய் அடுத்த பாவுக்கு முன்பணம் கேட்கலாம்.

இத்தனையும் நடக்கும் தூரத்தில் இருப்பதுதான் நெசவாளரின் மூலதனம். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் பாதி கரைந்துவிடும். பஸ் கட்டணம் அந்த இழப்பின் மிகச் சிறிய பகுதி.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1987-இல் அகமதாபாத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு நகரின் விளிம்பில் நல்ல வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. விண்ணப்பித்த 497 பேரில் 110 பேருக்குச் சீட்டு விழுந்தது. பழைய குடியிருப்புக்கும் புதிய வீட்டுக்கும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஷரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்ற மூன்று பொருளியலாளர்கள் பதினான்கு ஆண்டுகள் கழித்து வீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு கொள்கை வகுப்பவர்களைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். வீடு கிடைத்தவர்களில் 34 விழுக்காட்டினர் அங்கே குடியேறவே இல்லை. 32 விழுக்காட்டினர் குடியேறிவிட்டுப் பின்னர் வெளியேறினர். வீட்டின் தரம் உயர்ந்திருந்தது. குடும்ப வருமானத்திலோ பிள்ளைகளின் நிலையிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. உறவினரிடமிருந்தும் சாதி சனத்திடமிருந்தும் விலகிப்போனதாகவும், அவசரத்துக்குக் கைமாற்று கிடைப்பது குறைந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள்.

பீடி சுற்றுவதும் பட்டு நெய்வதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் வீட்டுக்குள் நடக்கிற தொழில். இரண்டிலும் மூலப்பொருளைக் கொடுத்துச் சரக்கை வாங்கிக்கொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பீடி சுற்ற ஒரு முறமும் மடியும் போதும். அதற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் இவ்வளவு செய்தது என்றால், குழியும் ஜக்கார்டும் அறுபதடித் தெருவும் கேட்கும் தொழிலுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சிக்கு இடம்பெயர்வு பற்றிச் சொந்தமாகவே ஒரு கதை உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்பியதும் குரு திருமழிசையாழ்வார் கிளம்பினார். அவர் சொல்லக் கேட்டு, திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்றிரவு மூவரும் தங்கிய இடம் ஓரிக்கை என்று சொல்வார்கள். பொலிவிழந்த நகரத்தைக் கண்டு மன்னன் மன்றாடிய பிறகு எல்லோரும் திரும்பினார்கள். ஆட்சியின் ஆணை ஒரே ஓர் ஆளின் பெயருக்குத்தான் பிறந்தது. போனதோ அவனைச் சேர்ந்த அத்தனை பேரும். வீடு ஒதுக்கும் அலுவலகங்கள் குடும்ப அட்டையைப் பார்த்து ஒதுக்குகின்றன. பாவு பிணைப்பவரும் கரைக்கு நாடா தள்ளுபவரும் வேறு குடும்ப அட்டைகளில் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆற்றங்கரையைக் கொண்டாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரக் குழியில் நாளெல்லாம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்களின் முதுகும் முழங்காலும் நாற்பது வயதிலேயே தேய்கின்றன. கழிப்பறை இல்லாத வீட்டில் மழை நாளில் பெண்கள் படும் அவதியை எந்தச் சமூகப் பிணைப்பும் ஈடுசெய்யாது. பட்டா இல்லாத நிலத்தில் இருப்பவருக்கு வங்கிக் கடன் எட்டாது. தேசியக் கைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில் தனித் தறிக்கூடம் கட்ட 1.2 லட்சம் ரூபாய் உதவி உண்டு. சொந்த மனை இல்லாதவருக்கு அதுவும் தூரத்துச் செய்திதான். ஒவ்வொரு ஐப்பசியிலும் பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூட முகாமில் படுப்பதை வாழ்க்கைமுறை என்று ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கக் கூடாது.

பிள்ளைகளைப் பற்றிய சான்று இன்னும் கனமானது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர வாடகை உதவி சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. பெரியவர்களின் சம்பாத்தியம் கூடவில்லை. அவர்களுடைய மனநலம் மட்டும் தெளிவாக மேம்பட்டது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகளோ, இருபதுகளின் நடுவை எட்டியபோது மற்றவர்களைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். அகமதாபாத்தில் தென்படாத பலன் அங்கே தென்பட்டதற்குப் புதிய இடத்தின் தன்மையும் ஒரு காரணமாகலாம். அமெரிக்கக் குடும்பங்கள் போனது வறுமை குறைந்த தெருக்களுக்கு. அகமதாபாத்துப் பெண்கள் போனது ஊரின் ஓரத்துக்கு. நல்ல பள்ளியும் பஸ்ஸும் இல்லாத இடத்தில் உறுதியான சுவர் மட்டும் ஒரு பிள்ளையை எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

சுவர் உறுதியானதுதானா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்கிறவர்களைச் சந்தேகப் பேர்வழிகள் என்று தள்ள முடியாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அப்போது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் சென்னை புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய வாரியக் குடியிருப்பின் பூச்சு, கை பட்ட இடமெல்லாம் உதிர்ந்ததை மாநிலமே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்தன. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அடுக்ககம் என்ற சொல்லுக்குள் பாதுகாப்பு தானாக அடங்கியிருப்பதில்லை. கட்டியவர் யார், கம்பியும் சிமென்டும் எப்படி, பத்தாண்டு கழித்து மேற்கூரை ஒழுகினால் யார் வருவார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. ஓட்டு வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரரே மாற்றிக்கொள்வார். மூன்றாம் மாடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் ஏற்பாடு வேண்டும், கூட்டுச் செலவு வேண்டும், பேசி முடிக்க ஒரு சங்கமும் வேண்டும்.

இன்று காஞ்சியில் இந்த முடிவை எடுக்கிற குடும்பங்கள் முப்பது ஆண்டுக்கு முந்தைய குடும்பங்களும் அல்ல. ஒரே கூரைக்குக் கீழே தகப்பனார் தறியில் இருக்கிறார். மகளோ மகனோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பெண்ணுக்கு வேண்டியது விளக்கு எரியும் சாலையும், பூட்டினால் பூட்டிக்கொள்ளும் கதவும், பகலில் தூங்க ஓர் அறையும். நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவே அவளால் தூங்க முடியாது. அவளுக்கு அந்த மாடி வீடு உண்மையிலேயே பாதுகாப்பு. அப்பாவுக்கோ அது வேலை பறிபோகும் இடம். வாடகையைக் கட்டப்போவது மகளின் சம்பளம், நின்றுபோகப்போவது தகப்பனின் தொழில் என்னும்போது, குடும்பம் என்று ஒற்றைச் சொல்லில் அழைக்கப்படும் அந்த வீட்டுக்குள் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. அரசின் கணக்கெடுப்புத் தாளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துதான்.

சில குடும்பங்களுக்கு முன்னால் நடுவழி ஒன்று தெரிகிறது: குடியிருப்பு மாடி வீட்டில், தறி பழைய தெருவில் உறவினர் வீட்டுக் கூடத்தில். அதிலும் செலவு இரண்டுபட்டுவிடுகிறது. தறி வேலையின் ஒரு பகுதி வீட்டு வேலைகளுக்கு நடுவே பெண்கள் செய்வது. உலை கொதிக்கும் நேரத்தில் தார் சுற்றி, பிள்ளை தூங்கும் நேரத்தில் கரைக்கு நாடா தள்ளி முடிப்பது. தறி ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால் அந்த உழைப்பு நின்றுவிடும், அல்லது கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். 2023-இல்தான் அது 200-இலிருந்து உயர்ந்தது. அந்தச் சலுகை தறி ஓடும் வீட்டின் இணைப்போடு சேர்ந்தது. தறியில்லாத மாடி வீட்டில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மற்றவர்களைப் போலத்தான் கணக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்கும் நூல்முனை அதே கீழ்க்கதிர்ப்பூரில் கிடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பேரறிஞர் அண்ணா கைத்தறி பட்டுப் பூங்கா அங்கே 75 ஏக்கரில் அமைந்திருக்கிறது. வெள்ளத்துக்குத் தப்பிய வீடுகளும் பட்டுத் தொழிலுக்கான நிலமும் ஒரே ஊரில். வீட்டைத் திட்டமிட்டது ஒரு துறை, பூங்காவைத் திட்டமிட்டது வேறொரு துறை. மாடி வீட்டுக்கு வருகிற நெசவாளருக்கு வீட்டுச் சாவியோடு நடக்கும் தூரத்தில் ஒரு தறி மேடையும் கிடைத்திருந்தால், பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்காரத் தக்கதாக அந்தக் கூடம் இருந்திருந்தால், பாவு விரிக்க நீளமாக ஒரு கூரைத் தளம் போட்டிருந்தால், ஆற்றங்கரைக் குடும்பங்களின் தயக்கத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது. மழை நாளிலும் பாவு விரிக்க முடியும் என்பது பழைய தெருவில்கூடக் கிடைக்காத வசதி.

செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன, பெரிய பணம் கேட்காதவை. தரைத்தள வீடுகளை முதியவர்களுக்கு ஒதுக்குவது போலத் தறி வைத்திருப்பவர்களுக்கும் முன்னுரிமை தரலாம். குழியே வேண்டாத, சட்டத்தின் மேல் நிற்கும் தறிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மாறும் மாதங்களில் வேகம் குறையும், கூலி குறையும். அந்த இடைவெளிக்கு உதவித்தொகை தருவது வெள்ள நிவாரணத்தைவிடச் செலவு குறைந்த காரியம். ஒதுக்கீட்டைக் குலுக்கிப் போடாமல் தெரு தெருவாகச் செய்தால் பாவு பிணைப்பவரும் பக்கத்துக் கதவில் இருப்பார். பராமரிப்புத் தொகையை மாதத்துக்குப் பதிலாகப் புடவைக் கூலி வரும் கணக்கோடு சேர்த்துச் சங்கத்தின் வழியே பிடிக்கலாம். காஞ்சியில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நெசவாளர் கணக்கில் வரவையும் பிடித்தத்தையும் எழுதிப் பழகிய நிறுவனங்கள் அவை.

அதுவரை முடிவெடுக்க வேண்டிய குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் எண்ணிச் சொல்லக்கூடியவைதான். கடைசிப் பத்து மழைக்காலங்களில் எத்தனை முறை குழிக்குள் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தறி நின்றது, எத்தனை பாவு கெட்டது? அந்த நஷ்டத்தைப் பத்தால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு வருவது எவ்வளவு? மாடி வீட்டின் வாடகை, பஸ், மின்சாரம், வீட்டுப் பெண்ணுக்குப் பதிலாக வைக்கும் கூலியாள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? வீட்டில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறதா, புதிய இடத்தில் பள்ளி எவ்வளவு தூரம்? தறியில் உட்காருபவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு உட்கார உடம்பு இடம்கொடுக்கும்? அறுபதை நெருங்கும் ஒருவர் தறியிலிருந்து எழப்போகும் வீட்டில் விடை ஒரு பக்கம் சாயும். முப்பது வயதில் கோர்வையும் ஜக்கார்டும் கைவந்த ஒருவர் இருக்கும் வீட்டில் அது மறுபக்கம் சாயும். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் எதிரெதிரான முடிவுக்கு வரலாம். இரண்டுமே சரியாக இருக்கலாம்.